அயர்லாந்துத் தன்னாட்சியை அல்ஸ்டர் புராட்டஸ்டண்டுகள் ஏன் எதிர்த்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோம் ரூல், அதாவது தன்னாட்சி, என்றால் தனி நாடா?

இல்லை. பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 1801 ஜனவரி 1 முதல் அயர்லாந்துக்கென்று தனி நாடாளுமன்றம் கிடையாது. அதன் உறுப்பினர்கள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் போய் உட்கார்ந்தார்கள். ஹோம் ரூல் கேட்டவர்கள், டப்ளினில் மறுபடியும் ஒரு சட்டமன்றம் வேண்டும், பள்ளி, விவசாயம், உள்ளாட்சி போன்ற உள்நாட்டுக் காரியங்களை அது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ராணுவம், போர், வெளியுறவு எல்லாம் லண்டனிடமே இருக்கும். அரசரும் அவரேதான். 1912இல் வந்த மசோதாவின்படி, டப்ளினில் சட்டமன்றம் அமைந்த பிறகும் 42 ஐரிஷ் உறுப்பினர்கள் வெஸ்ட்மின்ஸ்டரில் தொடர்வார்கள்.

இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. 1916இல் அன்னி பெசன்ட் சென்னையில் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கியபோது அந்தப் பெயரை அயர்லாந்திலிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு குறைந்த கோரிக்கைக்கா துப்பாக்கி தூக்கினார்கள் என்று கேட்கத் தோன்றும். மசோதாவில் எழுதியிருந்ததை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி சரிதான். ஆனால் வடக்கே அல்ஸ்டர் மாகாணத்துப் புராட்டஸ்டண்டுகள் மசோதாவைத் தாண்டி அதன் பின்னால் வரப்போவதைப் பார்த்தார்கள். இது முதல் படி, அடுத்த படி முழு விடுதலை என்று நினைத்தார்கள். நடந்ததை வைத்துப் பார்த்தால் அந்தக் கணிப்பு பொய்யாகவும் இல்லை.

யூனியனிஸ்டுகள் என்பவர்கள் யார்? எல்லாப் புராட்டஸ்டண்டுகளும் அவர்களா?

பிரிட்டனோடு இருந்த ஒன்றியம் அப்படியே நீடிக்க வேண்டும் என்றவர்கள் யூனியனிஸ்டுகள். 1911 கணக்கெடுப்பின்படி அயர்லாந்து முழுவதிலும் புராட்டஸ்டண்டுகள் நாலில் ஒரு பங்குதான். ஆனால் வடக்கே, ஒன்பது மாவட்டங்கள் கொண்ட அல்ஸ்டர் மாகாணத்தில், அவர்கள் பாதிக்குச் சற்று மேலே. 1609இலிருந்து ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்களில் பலர். ஒருபுறம் ஆங்கிலிக்கன் சபை, மறுபுறம் பிரெஸ்பிட்டேரியன் சபை. இரண்டுக்கும் இடையே பழைய உரசல்கள் இருந்தாலும், ஹோம் ரூல் என்றதும் ஒன்றாகி நின்றார்கள்.

பெரும்பான்மைப் புராட்டஸ்டண்டுகள் யூனியனிஸ்டுகள்தான், எல்லோரும் அல்ல. ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கிய ஐசக் பட் புராட்டஸ்டண்ட். அதை நாடு முழுக்க வளர்த்த பார்னெலும் அப்படியே. பெல்ஃபாஸ்டின் பெரிய கப்பல் கட்டும் நிறுவனமான ஹார்லண்ட் அண்ட் உல்ஃபின் தலைவர் பிர்ரி பிரபு ஹோம் ரூலை ஆதரித்தார். பாலிமணி ஊரின் பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஜே. பி. ஆர்மர், தன் சபையாரில் பலர் முகம் சுளித்தாலும் ஹோம் ரூலுக்காகப் பேசிக்கொண்டே இருந்தார். 1913 அக்டோபரில் அந்த ஊரில் ஹோம் ரூலை ஆதரிக்கும் புராட்டஸ்டண்டுகள் கூட்டம் ஒன்றும் நடந்தது. முன்னாள் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மண்ட் அதில் பேசினார்.

தெற்கிலும் யூனியனிஸ்டுகள் இருந்தார்கள். பெரும்பாலும் நிலக்கிழார்கள், வழக்கறிஞர்கள், வணிகர்கள். எண்ணிக்கையில் குறைவு, ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்தார்கள். அவர்கள் கதை கடைசியில் கைவிடப்பட்டவர்களின் கதை.

அவர்கள் உண்மையில் எதற்குப் பயந்தார்கள்?

அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1912 செப்டம்பரில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் நான்கு காரணங்கள் வருகின்றன: ஹோம் ரூல் வந்தால் அல்ஸ்டரின் பொருளாதார நலன் கெடும், குடியுரிமைச் சுதந்திரமும் மதச் சுதந்திரமும் போகும், தங்கள் பிரிட்டிஷ் குடியுரிமை அழியும், சாம்ராஜ்யத்தின் ஒற்றுமை குலையும்.

முதலில் வயிற்றுப்பாடு. அயர்லாந்தின் பெரும்பகுதி விவசாய நாடு. பெல்ஃபாஸ்ட் அப்படி இல்லை. லினன் ஆலைகள், கயிறு ஆலை, கப்பல் கட்டும் தளங்கள் என்று புகைபோக்கிகள் நிறைந்த ஊர். 1911இல் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 3,87,000. டைட்டானிக் கட்டப்பட்டது அங்கேதான். அந்த ஊருக்கு மூலப்பொருளும் சந்தையும் கடனும் கிளாஸ்கோ, லிவர்பூல், லண்டன் பக்கமிருந்து வந்தன. விவசாயிகளின் ஓட்டில் அமையும் டப்ளின் அரசு, வரிச்சுமையைத் தங்கள் தொழிற்சாலைகளின் தலையில் கட்டும் என்று முதலாளி மட்டுமல்ல, தொழிலாளியும் நம்பினார்.

அடுத்தது மதம். ‘ஹோம் ரூல் என்றால் ரோம் ரூல்’ என்பது ஊரெங்கும் ஒலித்த முழக்கம். வெறும் கோஷம் என்று தள்ளிவிட முடியாது. 1908இல் நடைமுறைக்கு வந்த ‘நே தெமெரே’ என்ற போப்பின் ஆணைப்படி, கத்தோலிக்கர் ஒருவர் கத்தோலிக்கக் குருவின் முன் அல்லாமல் வேற்று மதப்பிரிவினரை மணந்தால் அது திருமணமே அல்ல. 1910இல் பெல்ஃபாஸ்டில் இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் கத்தோலிக்கக் கணவர் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பிரெஸ்பிட்டேரியன் மனைவியை விட்டுப் போய்விட்டார். அந்தத் தாயின் கதை பிரசங்க மேடைகளிலும் பத்திரிகைகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. சட்டமன்றம் கத்தோலிக்கப் பெரும்பான்மையின் கைக்குப் போனால் இதுதான் நாட்டுச் சட்டம் என்று வீட்டுக்கு வீடு பேச்சு.

மூன்றாவது, நினைவு. 1689இல் டெர்ரி நகரம் முற்றுகையைத் தாங்கியது, 1690இல் பாய்ன் ஆற்றங்கரையில் புராட்டஸ்டண்ட் அரசர் மூன்றாம் வில்லியம் கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸை வென்றது, இவை அவர்களுக்குப் பாடப்புத்தக வரலாறு அல்ல. 1795இல் தொடங்கிய ஆரஞ்சு சங்கம் ஆண்டுதோறும் ஜூலை 12இல் மேளமும் கொடியுமாக ஊர்வலம் நடத்தி அந்த நாட்களைத் தெருவில் உயிரோடு வைத்திருந்தது. ‘சரணடைய மாட்டோம்’ என்ற முற்றுகைக் கால முழக்கத்தைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று உண்டு. தாங்கள் பிரிட்டிஷ்காரர்கள் என்று அவர்கள் உள்ளபடியே உணர்ந்தார்கள். பொருளாதாரக் கணக்கைத் திருத்திக் கொடுத்திருந்தாலும், மதத்துக்குச் சட்டப் பாதுகாப்பு எழுதிக் கொடுத்திருந்தாலும், இந்த உணர்வு மாறியிருக்காது. மசோதாவில் மதப் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு இருக்கத்தான் செய்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அப்படியானால் அந்தப் பயம் நியாயமானதா, வெறும் மதவெறியா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மறுப்பேன். சிறுபான்மையாகி விடுவோமோ என்ற பயம் நிஜமானது, அதைக் கேலி செய்வது தவறு. அதே சமயம், கத்தோலிக்கர்கள் ஆளத் தகுதியற்றவர்கள் என்ற இளக்காரமும் அந்த மேடைப் பேச்சுகளில் தாராளமாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக நல்ல வேலையும் நகராட்சியும் தங்கள் கையில் இருந்தது பறிபோகுமே என்ற கவலையும் கலந்திருந்தது. ஒரே மனிதரிடம் இந்த மூன்றும் இருந்திருக்கும். பிரித்தெடுக்க முயன்றால் ஆளே கையிலிருந்து நழுவிவிடுவார்.

இதற்கு முன்பும் ஹோம் ரூல் மசோதாக்கள் வந்தனவே. 1912இல் மட்டும் ஏன் இத்தனை கொந்தளிப்பு?

தடுப்பு போய்விட்டது, அதனால்தான். 1886இல் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த முதல் மசோதா காமன்ஸ் சபையிலேயே 341க்கு 311 என்று தோற்றது. 1893இல் இரண்டாவது மசோதா காமன்ஸில் தேறியது. பிரபுக்கள் சபை அதை 419க்கு 41 என்று தூக்கி எறிந்தது. எது வந்தாலும் பிரபுக்கள் சபை பார்த்துக்கொள்ளும் என்று யூனியனிஸ்டுகள் நிம்மதியாக இருந்தார்கள்.

1910இல் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. லிபரல்களுக்குப் பெரும்பான்மை இல்லை. ஜான் ரெட்மண்டின் ஐரிஷ் கட்சி ஆதரவில்லாமல் லிபரல் பிரதமர் ஆஸ்க்வித்தின் அரசு நிற்க முடியாது. 1911இல் வந்த நாடாளுமன்றச் சட்டம் பிரபுக்களின் தடை அதிகாரத்தை வெறும் இரண்டு ஆண்டுத் தாமதமாகச் சுருக்கிவிட்டது. 1912 ஏப்ரல் 11இல் மூன்றாவது மசோதா வந்தபோது, 1914இல் அது சட்டமாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

யூனியனிஸ்டுகளின் தலைவர் எட்வர்ட் கார்சன் அல்ஸ்டர்காரர் இல்லையாமே?

ஆமாம், டப்ளின்காரர். 1854இல் பிறந்தவர். டப்ளின் டிரினிட்டி பல்கலைக்கழகத் தொகுதியின் உறுப்பினர். 1895இல் ஆஸ்கர் வைல்டை நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்து நிலைகுலைய வைத்த அதே வழக்கறிஞர். அயர்லாந்து முழுவதும் பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அல்ஸ்டர் இல்லாமல் ஹோம் ரூல் பிழைக்காது, ஆகவே அல்ஸ்டரைப் பிடித்துக்கொண்டால் திட்டமே விழுந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

பேச்சு கார்சனுடையது, ஏற்பாடு ஜேம்ஸ் கிரெய்கினுடையது. கிரெய்க் பெல்ஃபாஸ்ட் விஸ்கி ஆலை முதலாளியின் மகன், போயர் போரில் சண்டையிட்டவர். அவருடைய ‘கிரெய்காவன்’ வீட்டுப் புல்வெளியில் 1911 செப்டம்பர் 23இல் ஏறத்தாழ 50,000 பேர் கூடினார்கள். ஹோம் ரூல் நிறைவேறும் அன்றைக்கே அல்ஸ்டரின் ஆட்சியை நாமே ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும் என்று கார்சன் அங்கே சொன்னார். மசோதா இன்னும் எழுதப்படக்கூட இல்லை.

அல்ஸ்டர் உடன்படிக்கை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

1912 செப்டம்பர் 28, சனிக்கிழமை. அந்த நாளுக்கு ‘அல்ஸ்டர் தினம்’ என்றே பெயர் வைத்தார்கள். கப்பல் தளங்களும் ஆலைகளும் ஓய்ந்தன. காலையில் தேவாலயங்களில் ஆராதனை. அது முடிந்ததும் மக்கள் பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்துக்கு நடந்தார்கள். யூனியன் கொடி விரித்த வட்ட மேசையில் கார்சன் முதலில் கையெழுத்திட்டார். உள்ளே நீள நீளமாக மேசைகள் போட்டு, ஒரே நேரத்தில் 500க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட ஏற்பாடு. இரவு வரை வரிசை குறையவில்லை.

உடன்படிக்கை என்ற சொல்லையே கவனியுங்கள். பழைய ஏற்பாட்டில் கடவுளும் அவருடைய மக்களும் செய்துகொள்வது உடன்படிக்கை. பதினேழாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் பிரெஸ்பிட்டேரியன்கள் அதே பெயரில்தான் தங்கள் அரசரை எதிர்த்து உறுதிமொழி எடுத்தார்கள். ஆகவே கையெழுத்திட்டவருக்கு இது மனு அல்ல, கடவுள் சாட்சியாகக் கொடுக்கும் வாக்கு. அந்த வாசகத்துக்குள்தான் ‘தேவைப்படும் எல்லா வழிகளையும்’ பயன்படுத்தி எதிர்ப்போம் என்ற வரி அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் துப்பாக்கியும் அடக்கம் என்பது அன்றே பலருக்குப் புரிந்திருந்தது.

ஆண்கள் 2,37,368 பேர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பெண்கள் 2,34,046 பேர், தனியாகத் தயாரித்த ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 4,71,414. ஃபிரெட் கிராஃபோர்ட் என்பவர் தன் ரத்தத்தால் கையெழுத்திட்டதாக ஒரு கதை நெடுங்காலம் உலவியது. 2012இல் அந்தத் தாளைச் சோதித்தபோது ரத்தத்தின் தடயம் தெரியவில்லை.

பெண்களுக்கு ஏன் தனித் தாள்?

அன்றைக்கு நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டே கிடையாது. ஆண்கள் எதிர்ப்பதாக உறுதி எடுத்தார்கள், பெண்கள் அந்த ஆண்களோடு நிற்பதாகச் சொன்னார்கள். ஆனால் வேலையில் பெண்கள் எந்த விதத்திலும் பின்னால் நிற்கவில்லை. 1911 ஜனவரியில் தொடங்கிய அல்ஸ்டர் பெண்கள் யூனியனிஸ்ட் கவுன்சில் இங்கிலாந்து வரை போய் வீடு வீடாகப் பிரசாரம் செய்தது. அல்ஸ்டருக்குள் மட்டும் எண்ணிப் பார்த்தால் பெண்களின் கையெழுத்து 2,28,991, ஆண்களுடையது 2,18,206. பெண்கள்தான் அதிகம். இந்த ஓர் எண்ணிக்கை பல வரலாற்றுப் பேச்சுகளில் விடுபட்டுப் போவது எனக்கு வருத்தம்.

துப்பாக்கிகள் ஜெர்மனியிலிருந்து வந்தன என்பது உண்மையா?

உண்மை. 1913 ஜனவரியில் அல்ஸ்டர் தன்னார்வப் படை உருவானது. 17 முதல் 65 வயது வரை, ஒரு லட்சம் பேர் என்று வரம்பு. தளபதியாக வந்த ஜார்ஜ் ரிச்சர்ட்சன், இந்திய ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஜெனரல். இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் அனுமதி கொடுத்தால் கவாத்து நடத்தலாம் என்று சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதை வைத்தே ஆரஞ்சு சங்க மண்டபங்களில் பகிரங்கமாகப் பயிற்சி நடந்தது. ஆரம்பத்தில் பலர் கையில் மரத்துப்பாக்கிதான்.

1913 டிசம்பரில் அயர்லாந்துக்குள் ஆயுதம் கொண்டுவர அரசு தடை போட்டது. மேலே சொன்ன கிராஃபோர்ட் ஹாம்பர்க் நகரில் சரக்கு வாங்கிக் கப்பலேற்றினார். கடலிலேயே வேறு கப்பலுக்கு மாற்றி, 1914 ஏப்ரல் 24 இரவு லார்ன் துறைமுகத்தில் இறக்கினார்கள். அதே நேரத்தில் பெல்ஃபாஸ்ட் துறைமுகத்துக்கு வேறொரு கப்பலை அனுப்பிச் சுங்க அதிகாரிகளை அங்கேயே கட்டிப்போட்டார்கள். பாங்கர், டோனகடி ஊர்களிலும் ஒரு பகுதி இறங்கியது. நூற்றுக்கணக்கான மோட்டார் கார்கள் விடிவதற்குள் எல்லாவற்றையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. சுமார் 25,000 ரைஃபிள்கள். பல நாட்டுத் தயாரிப்புகள் என்பதால் ஒன்றின் தோட்டா இன்னொன்றுக்குப் பொருந்தாது. யார் மீதும் வழக்கு நடக்கவில்லை.

இதன் விளைவு அயர்லாந்து முழுவதையும் தாக்கியது. வடக்கே ஆயுதப் படை உருவானதைப் பார்த்துத்தான் 1913 நவம்பரில் டப்ளினில் தேசியவாதிகள் ‘ஐரிஷ் தன்னார்வலர்’ படையைத் தொடங்கினார்கள். 1914 ஜூலை 26இல் ஹவுத் துறைமுகத்தில் அவர்களும் பட்டப்பகலில் துப்பாக்கி இறக்கினார்கள். அன்று மாலை டப்ளினில் ராணுவம் கூட்டத்தின் மீது சுட்டது, உயிர்கள் போயின. லார்னில் ஒரு நியாயம், டப்ளினில் ஒரு நியாயம் என்று மக்கள் கொதித்தார்கள். கொதித்ததில் தவறே இல்லை.

அரசாங்கம் ஏன் தடுக்கவில்லை?

தடுக்க ராணுவம் வேண்டும். 1914 மார்ச் 20இல் கில்டேர் மாவட்டத்தின் கரா முகாமில், அல்ஸ்டருக்கு எதிராகப் போகச் சொன்னால் பதவி நீக்கத்தையே ஏற்போம் என்று பிரிகேடியர் ஹூபர்ட் காஃபும் ஏறத்தாழ 60 குதிரைப்படை அதிகாரிகளும் சொல்லிவிட்டார்கள். கிளர்ச்சி என்று சொல்ல முடியாது, எந்தக் கட்டளையையும் அவர்கள் மீறவில்லை. ஆனாலும் அரசின் கை அன்றோடு கட்டப்பட்டது. போர்த்துறை அமைச்சர் சீலி பதவி விலகினார்.

இன்னொரு காரணம், எதிர்க்கட்சியே அவர்கள் பக்கம் நின்றது. கன்சர்வேட்டிவ் தலைவர் போனர் லாவின் தகப்பனார் அல்ஸ்டரிலிருந்து கனடா போன பிரெஸ்பிட்டேரியன் போதகர். 1912 ஜூலையில் பிளென்ஹைமில் பேசும்போது, அல்ஸ்டர் எந்த அளவுக்கு எதிர்த்தாலும் நான் ஆதரிப்பேன் என்ற பொருளில் பேசினார். பிரதமராகக் காத்திருக்கும் ஒருவர், நாடாளுமன்றம் நிறைவேற்றப்போகும் சட்டத்தைப் பற்றிப் பேசிய பேச்சு இது. என் பார்வையில் இந்தக் காலத்தின் மிகப் பெரிய பொறுப்பின்மை இங்கேதான் இருக்கிறது. பயந்துபோன விவசாயியிடம் அல்ல.

அல்ஸ்டர் கத்தோலிக்கர்களுக்கு என்ன ஆனது?

1912 ஜூன் 29இல் காசில்டாசன் ஊரில், பிரெஸ்பிட்டேரியன் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலா ஊர்வலத்தைக் கத்தோலிக்கச் சங்கத்தினர் தாக்கினார்கள். அடுத்த சில நாட்களில் பெல்ஃபாஸ்ட் கப்பல் தளங்களிலிருந்து ஏறத்தாழ 3,000 தொழிலாளர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். பெரும்பாலோர் கத்தோலிக்கர். சில நூறு பேர் புராட்டஸ்டண்டுகள். சோஷலிஸ்டுகள், லிபரல்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள். பிள்ளைகளைத் தாக்கியவனுக்கும் கப்பலில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவனுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

ஒன்பது மாவட்டம் ஆறானது எப்படி?

அல்ஸ்டர் என்றால் ஒன்பது மாவட்டங்கள். அவற்றில் ஆன்ட்ரிம், டவுன், அர்மா, லண்டன்டெர்ரி நான்கில்தான் புராட்டஸ்டண்ட் பெரும்பான்மை. டைரோன், ஃபெர்மனா இரண்டிலும் கத்தோலிக்கர் சற்றுக் கூடுதல். கேவன், மொனகன், டொனிகல் மூன்றிலும் வெகு அதிகம். 1913 ஜனவரியில் டெர்ரி நகர இடைத்தேர்தல் முடிந்தபோது, அல்ஸ்டரின் 33 தொகுதிகளில் 17 ஹோம் ரூல் ஆதரவாளர்கள் கையில் இருந்தன. ‘அல்ஸ்டர் எதிர்க்கிறது’ என்று சொன்னவர்களுக்கு அல்ஸ்டரிலேயே பெரும்பான்மை இல்லை!

1914 மார்ச்சில் அரசு ஒரு சமரசம் வைத்தது: விரும்பும் மாவட்டங்கள் ஆறு ஆண்டுகள் வெளியே இருக்கலாம். ஆறு ஆண்டு தள்ளிப்போட்ட மரண தண்டனை எங்களுக்கு வேண்டாம் என்று கார்சன் மறுத்தார். ஜூலை 21 முதல் 24 வரை பக்கிங்ஹாம் அரண்மனையில் மாநாடு. டைரோனிலும் ஃபெர்மனாவிலும் முட்டிக்கொண்டு அதுவும் உடைந்தது. சில நாட்களில் உலகப்போர் வந்துவிட்டது. மசோதா செப்டம்பர் 18இல் சட்டமானது, அதே நாளில் போர் முடியும் வரை நிறுத்தியும் வைக்கப்பட்டது.

அப்புறம் 1920. அயர்லாந்தை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிப்பது உறுதியானபோது, ஒன்பது மாவட்டங்களையும் சேர்த்தால் புராட்டஸ்டண்ட் பெரும்பான்மை மிக மெலிது, ஆறு என்றால் மூன்றில் இரண்டு பங்கு. அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கவுன்சில் அந்த ஆண்டு மார்ச்சில் ஆறையே ஏற்றது. கேவன், மொனகன், டொனிகல் புராட்டஸ்டண்டுகள் ஏறத்தாழ 70,000 பேர் வெளியே விடப்பட்டார்கள். ஒருவரை ஒருவர் கைவிட மாட்டோம் என்று எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர்களும்தான் கையெழுத்திட்டிருந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட கத்தோலிக்கர்களோ மூன்றில் ஒரு பங்கு. பெரும்பான்மையின் கீழ் வாழ மாட்டோம் என்று தொடங்கிய போராட்டம், இரண்டு பக்கத்திலும் அப்படி வாழ வேண்டிய மக்களை உண்டாக்கிவிட்டது.

சோம் போருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தன்னார்வப் படையினர் பெரும் எண்ணிக்கையில் பிரிட்டிஷ் ராணுவத்தின் 36ஆவது அல்ஸ்டர் டிவிஷனில் சேர்ந்தார்கள். 1916 ஜூலை 1, பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாள். பழைய நாட்காட்டிப்படி பாய்ன் போர் நடந்ததும் ஜூலை 1. தீப்வால் அருகே ஜெர்மன் அரண்களுக்குள் புகுந்தார்கள், பக்கத்துப் படைகள் முன்னேற முடியாததால் தனித்து மாட்டினார்கள். இரண்டு நாட்களில் இறந்தவர், காயமடைந்தவர், காணாமற்போனவர் சேர்ந்து சுமார் 5,500 பேர். ஒரே தெருவில் பல வீடுகளுக்குத் தந்தி வந்தது. அதன் பிறகு ‘நாங்கள் ரத்தம் சிந்தினோம்’ என்ற வாதத்தை லண்டனில் யாரும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் டப்ளினில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஈஸ்டர் எழுச்சி. 1918 தேர்தலில், முழு விடுதலை கேட்ட ஷின் ஃபெயின் கட்சி 73 இடங்களை வென்றது, ரெட்மண்டின் கட்சிக்கு மிஞ்சியது 6. மிதமான ஹோம் ரூல் அதோடு முடிந்தது.

கடைசியில் கார்சன் வென்றாரா?

அவர் அப்படி நினைக்கவில்லை. வடக்கு அயர்லாந்தின் முதல் பிரதமர் பதவியை வேண்டாம் என்றார், கிரெய்க் ஏற்றார். 1921 ஜூன் 22இல் பெல்ஃபாஸ்டில் புதிய நாடாளுமன்றத்தை அரசர் ஐந்தாம் ஜார்ஜ் திறந்துவைத்தார். ஹோம் ரூலை எதிர்த்தவர்களுக்கே ஒரு ஹோம் ரூல்! அதற்கு முன்பே, கத்தோலிக்கச் சிறுபான்மை எங்களைக் கண்டு பயப்பட ஒன்றும் இல்லை என்று காட்டுங்கள் எனத் தன் கட்சியினரிடம் கார்சன் கேட்டுக்கொண்டார். கேட்கவில்லை. 1920 ஜூலையிலேயே கப்பல் தளங்களில் மறுபடி விரட்டல் தொடங்கியிருந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெல்ஃபாஸ்ட் தெருக்களில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், இறந்தவர்களில் கத்தோலிக்கரே அதிகம்.

1921 டிசம்பரில், தெற்கு அயர்லாந்துக்குத் தனி அரசு தரும் ஒப்பந்தம் வந்தபோது, பிரபுக்கள் சபையில் கார்சன் எழுந்து பேசினார். நான் எவ்வளவு பெரிய முட்டாள், கன்சர்வேட்டிவ் கட்சியை ஆட்சிக்குக் கொண்டுவரும் விளையாட்டில் நானும் அல்ஸ்டரும் அயர்லாந்தும் பொம்மைகளாக இருந்தோம் என்ற பொருள்பட வந்த அந்தப் பேச்சைப் படித்தால் மனம் கனக்கும். அவர் பிறந்த டப்ளின் அப்போது அவருடைய நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கையெழுத்துகளை இன்று பார்க்க முடியுமா?

முடியும். பெல்ஃபாஸ்டில் உள்ள வடக்கு அயர்லாந்து பொது ஆவணக் காப்பகத்தில் தாள்கள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றின் படங்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள், பெயர் போட்டுத் தேடலாம், கட்டணம் இல்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் முகவரியும் இருக்கும். கேவன், மொனகன், டொனிகல் தாள்களும் மற்றவற்றோடு சேர்ந்தே அங்கே இருக்கின்றன.